பன்னிரண்டு வோல்ட் வருகிறது என்றார்கள்

எங்கள் வீட்டுப் பால்கனியில், பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைக்கும் அலமாரியின் மேல்தட்டில், ஒரு பெட்ரோல் பம்ப் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உலோக உருளை. அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் கூடு. பக்கவாட்டில் டேங்கின் அளவைச் சொல்லும் மிதவையும் அதன் கம்பியும். உச்சியில் வயர்களை மாட்டும், நான்கு முனை கொண்ட கப்ளர். 2025 ஜூன் மாதத்தில் என் காரிலிருந்து அதைக் கழற்றி, “செத்துப்போச்சு மேடம்” என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமே என்று வீட்டில் பலமுறை கேட்டுவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பம்ப் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் இன்னொன்றும் தெரியும்: அது சாகவில்லை என்பதை அன்றைக்கே, அந்தப் பட்டறையில் நின்றுகொண்டே, நான் கண்டுபிடித்திருக்க முடியும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பின் மின்னோட்டவியல் பாடத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மின்னியக்கு விசைக்கும் மின்னழுத்த வேறுபாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான், என் கண்முன்னே ஒருவர் மல்டிமீட்டரை வைத்து “பன்னிரண்டு வோல்ட் வருகிறது, ஆகவே பம்ப் போய்விட்டது” என்று சொன்னபோது தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இத்தனை மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

வராமல் போன ஓசை

பள்ளி திறந்த முதல் வாரம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகவே எடுத்தது, என்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றது, ஆனால் பற்றவில்லை. மூன்றாவது முறை முயன்றபோதுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. கைப்பையையும் கண்ணாடியையும் சாப்பாட்டுக் கூடையையும் சரிபார்ப்பது போல மனத்துக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். குறைந்தது ஓர் ஓசை. சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்தவுடன் பின் இருக்கைக்கு அடியிலிருந்து வரும் மெல்லிய ‘ம்ம்’ என்ற ரீங்காரம், இரண்டு விநாடி நீடித்து நிற்கும் அந்த ஒலி, வரவில்லை. பதினோரு ஆண்டுகளாகத் தினமும் கேட்டும் கவனித்திராத ஒன்றை, இல்லாமல் போன பிறகே காது தேடியது.

அந்த இரண்டு விநாடிக்குள் நடப்பதைத்தான் ‘பிரைம் ஆவது’ என்கிறார்கள். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடையில் நீர் இறங்கிப்போன அடிபம்பின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடித்தால்தான் அது பிடிக்கும். காரில் வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டியதில்லை என்றாலும் தேவை அதே வகையானதுதான்: வேலை தொடங்குவதற்கு முன்பே குழாய் நிரம்பியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம், பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே என்ற சுவிட்சை மூடுகிறது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் மோட்டார் சுழன்று, முன்னால் பெட்ரோலை என்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் பொருத்தப்பட்ட குழாய் வரைக்கும் எரிபொருளைத் தள்ளி, ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தை உண்டாக்குகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைவிட இது கூடுதல். அதற்குள் என்ஜின் சுழலத் தொடங்கவில்லை என்றால் ஈசிஎம் ரிலேயைத் திறந்து பம்பை நிறுத்திவிடும். விபத்தில் என்ஜின் நின்றுபோன ஒரு வண்டியில், உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

என் அப்பாவின் அம்பாசடரில் இந்த ஓசையே கிடையாது. அதன் பெட்ரோல் பம்ப் என்ஜினின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. என்ஜினுக்குள் சுழலும் கேம் தண்டு ஒரு நெம்பை அசைக்க, அது ஒரு சவ்வை மேலும் கீழும் இழுத்துப் பெட்ரோலை உறிஞ்சியது. நீண்ட நாள் ஓட்டாமல் விட்டிருந்தால், அப்பா பானெட்டைத் திறந்து, அந்தப் பம்பின் அடியில் இருந்த சிறிய கைநெம்பைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துவார். சித்திரை வெயிலில் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுபோனால், ஈரத் துணியைப் பம்பின் மேல் போர்த்திவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருப்போம். கோளாறு எங்கே என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்த காலம் அது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டரோடு அந்தப் பம்பும் விடைபெற்றது. இப்போது பம்ப் டேங்குக்குள் போய்விட்டது. அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது, அதற்கு மசகாகவும் இருக்கிறது. ரிசர்விலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் பம்பின் ஆயுள் குறையும் என்று சொல்வது அதனால்தான். தொட்டுப் பார்க்க முடியாத இடத்துக்கு ஒரு பொருள் போய்விட்ட பிறகு, அதைப் பற்றிய முடிவுகளை மீட்டரின் எண்களை வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்கள் எப்போது எதைச் சொல்கின்றன என்பதுதான் என் கதை.

பதினொரு நாள் ஓடிய புதுப் பம்ப்

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன பட்டறையில் வேலை முறையாகவே நடந்தது. அவர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. முதலில் ஃபியூஸைப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பச் சொல்லி ரிலேயின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள். ‘டக்’ என்று அடித்தது. ஹார்னுக்கான ரிலேயும் அதே வகை என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டும் பார்த்தார்கள், பலன் இல்லை. பிறகு பின் இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த வட்ட மூடியைத் திறந்து, பம்பின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்துக்கொண்டு சாவியைப் போடச் சொன்னார்கள். மீட்டரில் 12.1 என்று வந்து, இரண்டு விநாடி நின்று, மறைந்தது. “கரண்ட் கரெக்டா வருது மேடம். பம்ப்தான் எடுத்துக்கல” என்றார் அங்கிருந்த இளைஞர். ஈசிஎம் ரிலேயை மூடுகிறது, ரிலே மின்சாரத்தை அனுப்புகிறது, அது கப்ளர் வரை வந்து சேர்கிறது, அதற்குப் பிறகு இருப்பது பம்ப் மட்டும்தான். ஒரு கணக்கின் படிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பொருந்தின. நானும் தலையாட்டினேன்.

இடையில் இன்னொருவர், எல்லாம் இந்த இ20 பெட்ரோல் வந்ததிலிருந்துதான் என்றார். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இருக்கும் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. அந்தக் கலவையை எண்ணிச் செய்யப்படாத ரப்பர் குழாய்களுக்கும் வளையங்களுக்கும் அது நல்லதன்று. ஆனால் பம்ப் ஏன் முனகவில்லை என்ற கேள்விக்கு அது விடையாகாது. ஊரெல்லாம் பேசப்படும் ஒரு காரணம் கையருகே இருக்கும்போது, கண்முன்னால் இருக்கும் வயரைத் தேடிப் போக யாருக்கும் தோன்றுவதில்லை.

பம்புக்கும் கூலிக்குமாகச் சேர்த்து 9,400 ரூபாய் ஆனது. புதிய பம்பைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் அந்த ‘ம்ம்’ வந்தது. என்ஜின் உடனே பற்றிக்கொண்டது. பழைய பம்பைப் பையில் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். பதினொரு நாள் கழித்து, அதே கீழ்த்தளத்தில், அதே காலை வேளையில், சாவியைத் திருப்பியபோது மறுபடியும் அந்த ஓசை இல்லை.

இந்தப் பதினொரு நாள்தான் எல்லாரையும் ஏமாற்றியது. பழுதான ஒன்றை மாற்றினோம், சரியாயிற்று, ஆகவே மாற்றியதுதான் பழுது என்று நம்புவது எளிது. ஆனால் பம்பை மாற்றும் வேலையில் மாறுவது பம்ப் மட்டும் அன்று. கப்ளரைக் கழற்றி மாட்டுகிறோம். வயர் கட்டை இழுத்து நகர்த்துகிறோம். இருக்கையைத் தூக்கி, தரைவிரிப்பை ஒதுக்கி, திரும்பவும் அமுக்குகிறோம். எங்கோ விட்டும் தொட்டும் கொண்டிருந்த ஓர் இணைப்பு அந்த அசைவில் சற்று நேரத்துக்குச் சேர்ந்துகொண்டால், புகழ் புதுப் பம்புக்குப் போய்விடும். இரண்டாவது முறை வண்டி போனபோது பட்டறையில் மறுபடி அளந்தார்கள்; மறுபடியும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருந்தது. புதுப் பம்பைக் குறை சொல்ல முடியாது என்பதால் இப்போது சந்தேகம் ஈசிஎம் பக்கம் திரும்பியது. 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தெருவோர வேப்ப மரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

ஊதுவத்தி நுனி

உடன் பணிபுரியும் கணித ஆசிரியை ஒருவர் சொல்லி, மேடவாக்கம் பக்கம் ஒரு சிறிய கடையில் வாகன வயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைப் போய்ப் பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இரண்டே கேள்விகள். “வண்டி தண்ணியில நின்னுச்சா டீச்சர்?” என்றார். நின்றது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. காருக்குள் இருக்கையின் அடிமட்டம் வரை ஏறியது. இறக்கி, உலர்த்தி, தரைவிரிப்பை வெயிலில் காயப்போட்டு, என்ஜின் ஆயிலை மாற்றி ஓட்டத் தொடங்கியதிலிருந்து ஒன்றரை ஆண்டாக எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்ததாக, “பெட்ரோல் முள்ளு ஒழுங்கா காட்டிச்சா?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் இரண்டு மாதமாக அந்த முள் ஒழுங்காகக் காட்டவில்லை. டேங்கை நிரப்பினாலும் முக்காலுக்கு மேல் ஏறவில்லை. வழக்கமாகப் போடும் பங்க்கில் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து நான் வேறு பங்க்குக்கு மாறியிருந்தேன்.

அவர் மீட்டரை எடுக்கவில்லை. சுவரில் தொங்கிய ஒரு பல்பை எடுத்தார். காரின் பின்புறம் எரியும் பிரேக் விளக்குக்கான சாதாரண 21 வாட் பல்பு. இரண்டு நீண்ட வயர்கள் பற்றுவைக்கப்பட்டு, நுனிகளில் முதலைக் கவ்விகள் இருந்தன. புதுப் பம்பின் கப்ளரைக் கழற்றி, பம்ப் இருக்க வேண்டிய இடத்தில், அதாவது கப்ளரின் அதே இரண்டு முனைகளில், அந்தப் பல்பை மாட்டினார். பெட்ரோல் வாடை போக நான்கு கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு, பல்பை வண்டிக்கு வெளியே என் கையில் கொடுத்தார். “பாத்துட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

பல்பு எரிந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்த இழை ஊதுவத்தியின் நுனி போலச் சிவந்து, இரண்டு விநாடி அப்படியே இருந்து, அணைந்தது. கையால் மறைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிவப்பு. பன்னிரண்டு வோல்ட் வருகிறது என்று இரண்டு முறை அளந்து சொன்ன அதே இரண்டு முனைகள்.

அவர் வந்து, பல்பின் ஒரு கவ்வியை மட்டும் கப்ளரிலிருந்து எடுத்தார். கறுப்பு வயர் இருந்த முனை. கதவுச் சட்டத்தில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டின் தலையில் அதைக் கவ்வ வைத்தார். மறுபடியும் சாவி. இப்போது பல்பு வெள்ளையாகப் பளீரென்று எரிந்து கண்ணைக் கூசவைத்தது. அந்தக் கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே கணக்கு முழுவதும் என் மனத்துக்குள் ஓடிவிட்டது. ரிலே நலம், ஈசிஎம் நலம், மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர் நலம், பம்பும் நலமாகவே இருந்திருக்க வேண்டும். கெட்டுப்போனது, மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. “எர்த் இல்ல டீச்சர்” என்றார் அவர்.

வயரைப் பின்பற்றிப் போனோம். இடது பக்கம், பின் இருக்கைக்கும் கதவுப் படிக்கும் இடையில், தரைவிரிப்புக்கு அடியில் ஒரு போல்ட். அதில் வளைய முனை கொண்ட கறுப்பு வயர்கள் இரண்டு. ஒன்று பம்புடையது, மற்றது மிதவையுடையது. வெள்ளம் வடிந்தபோது ஈரம் இந்த மூலையில்தான் கடைசியாகத் தங்கியிருக்க வேண்டும். விளக்கி வைக்காத செம்புப் பாத்திரத்தில் படிவது போலப் பச்சைக் களிம்பு வளையத்தைச் சுற்றிப் படிந்து, அடியில் இருந்த தகட்டின் துருவோடு சேர்ந்து பொருக்காகியிருந்தது. பார்வைக்குப் போல்ட் இறுக்கமாகவே இருந்தது. இழுத்தாலும் வயர் வரவில்லை. அவர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தகட்டையும் வளையத்தையும் வெள்ளிப்பளபளப்பு வரும் வரை தேய்த்து, களிம்பு ஏறியிருந்த இரண்டு அங்குல வயரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வளையங்களை அழுத்திப் பிடிப்பித்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினார். கப்ளரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ‘ம்ம்’ என்றது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

நல்ல வோல்ட்மீட்டரின் குணம்

அன்றிரவு நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். களிம்பேறிய அந்த இணைப்பின் மின்தடை 20 ஓம் என்று கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் பம்ப் மோட்டாரின் மின்தடை ஓர் ஓம் என்று கொள்வோம். இரண்டும் தொடரிணைப்பு. பன்னிரண்டு வோல்ட்டை 21 ஓமால் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் 0.57 ஆம்பியர். அதில் களிம்பு விழுங்குவது 11.4 வோல்ட், பம்புக்கு மிஞ்சுவது அரை வோல்ட்டுக்குச் சற்றே அதிகம். நான்கைந்து ஆம்பியர் இழுத்து ஓட வேண்டிய மோட்டார் அதில் எப்படி அசையும்? இப்போது பம்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மல்டிமீட்டரை வைப்போம். அதன் உள்தடை 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். ஓடும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று அதிகம். அந்தத் துளி மின்னோட்டத்துக்குக் களிம்பின் 20 ஓம் ஒரு தடையே அன்று. அங்கே இழக்கப்படுவது ஒரு வோல்ட்டின் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே மீட்டர் பன்னிரண்டைக் காட்டும். இருபதுக்குப் பதிலாக இருநூறு ஓம் இருந்தாலும் பன்னிரண்டைத்தான் காட்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கணக்கின் கடினம் அன்று, அதன் எளிமை. ஒரு நல்ல வோல்ட்மீட்டர் தான் அளக்கும் சுற்றிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்க வேண்டும் என்று நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். மின்கலத்தின் மின்னியக்கு விசையை அளக்க வோல்ட்மீட்டரைவிட மின்னழுத்தமானி ஏன் சிறந்தது என்ற கேள்வி தேர்வில் வரும். சமன்செய் நிலையில் அது மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தையே எடுப்பதில்லை என்பது விடை. ஆய்வகத்தில் அது கருவியின் சிறப்பு. காருக்குள் அதே சிறப்புதான் பழுதை மறைத்தது. எதையும் எடுத்துக்கொள்ளாத கருவியிடம், எதையும் கொடுக்க முடியாத ஒரு வயரும் நல்ல வயராகவே தோற்றமளிக்கும். அந்தப் பல்பு மோசமான வோல்ட்மீட்டர்; ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். கேட்டதால்தான் இல்லை என்பது தெரிந்தது. பாடநூலில் ‘அகமின்தடை’ என்ற தலைப்பில் வருவதும் இதுதான்: பழைய டார்ச் மின்கலத்தை மீட்டரில் அளந்தால் ஒன்றரை வோல்ட்டை ஒட்டிக் காட்டும், விளக்கில் போட்டால் எரியாது. மின்கலத்துக்குள் இருக்கும் தடையை நடத்திய நான், மின்கலத்துக்கு வெளியே ஒரு போல்ட்டின் அடியிலும் அது இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை.

பெட்ரோல் முள்ளின் புதிரும் அதே தாளில் விடுபட்டது. என் காரில் மிதவையின் மின்தடை டேங்க் நிறைந்திருக்கும்போது குறைவாகவும், காலியாகும்போது அதிகமாகவும் இருக்கும். பம்பும் மிதவையும் ஒரே போல்ட்டில் எர்த் ஆவதால், அந்த இணைப்பு கெடத் தொடங்கிய நாள்களில், அங்கே கால் ஓம் ஏறியிருந்தால்கூட, பம்ப் இழுக்கும் ஐந்து ஆம்பியர் அதன் மேல் ஒன்றேகால் வோல்ட்டை உண்டாக்கியிருக்கும். மீட்டர் பலகைக்கு அது மிதவையின் மின்தடை கூடியது போலத் தெரியும், முள் தாழும். மேம்பாலம் ஏறும்போது வண்டி முன்போல இழுக்கவில்லை என்று அப்போதே ஒரு நாள் எண்ணியதும் நினைவுக்கு வந்தது. களிம்பு இரண்டு மாதமாகத் தன்னை அறிவித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பங்க்கை மாற்றினேன். அந்தப் பங்க்கில் காற்று பிடிக்கும் பையனிடம் ஒருமுறை கடுமையாகப் பேசியும் இருக்கிறேன். மறுவாரம் அங்கேயே போய்ப் பெட்ரோல் போட்டேன். அவன் அங்கே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பம்பை எடுத்துக்கொண்டு மேடவாக்கத்துக்குப் போனேன். இரண்டு வாரத்துக்கு மேல் வெயிலில் கிடந்ததால் அதில் பெட்ரோல் வாடை அற்றுப் போயிருந்தது. இருந்தாலும் அவர் அவசரப்படவில்லை. ஒரு பக்கெட்டில் டீசலை ஊற்றிப் பம்பை முழுக மூழ்கவைத்தார். வயர்களை முதலில் பம்பில் சொருகிவிட்டு, நான்கடி தள்ளி வைத்திருந்த பேட்டரியில் மறுமுனையைத் தொட்டார். பொறி பறந்தால் அது பேட்டரிப் பக்கம் பறக்கட்டும் என்பதற்காக அந்த வரிசை. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். உலர்ந்த பம்பைச் சும்மா ஓட்டினாலும் கெட்டுவிடும், பெட்ரோல் வாடை மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்ட உடனே அந்த ஓசை கேட்டது. பதினோரு ஆண்டுகளாக என் முதுகுக்குப் பின்னால் கேட்ட, எனக்கு மட்டும் அடையாளம் தெரிந்த, கொஞ்சம் கட்டையான அந்த ‘ம்ம்’. பக்கெட்டின் மறுபுறம் டீசல் கனத்த தாரையாகப் பீய்ச்சியது. அவர் என்னைப் பார்த்தார். நான் பம்பைப் பார்த்தேன். செத்துப்போனது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல நான் பணம் கட்டி வாங்கிக்கொண்டு வந்த பொருள் அது.

அதன் பிறகு, பம்ப் பிரைம் ஆகவில்லை என்று யாராவது சொன்னால், பம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் என்னால் சிலவற்றைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை. பேட்டரி நலமா, சாவியின் இம்மொபிலைசர் விளக்கு கண் சிமிட்டுகிறதா, ஏனென்றால் சில வண்டிகளில் சாவியை அடையாளம் தெரியாவிட்டால் ஈசிஎம் பம்பை ஓடவிடாது. மோதல் நேர்ந்தால் பம்பைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள வண்டியா, பெரிய பள்ளத்தில் இறங்கி அது தட்டிவிட்டிருக்குமா. ரிலே ‘டக்’ என்று அடிப்பது அதன் உள்ளே இருக்கும் காந்தச் சுருளின் செய்திதான். 30, 87 என்று எண்ணிட்ட முனைகளுக்கு இடையே உள்ள தொடுமுனைகள் கருகியிருந்தாலும் அது அடிக்கும். இவையெல்லாம் தாண்டி வந்த பிறகு, கப்ளரில் பல்பை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பேன். அல்லது பம்பை மாட்டியபடியே வைத்து, அதன் கறுப்பு வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்வேன். எர்த் நலமாக இருந்தால் அங்கே ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்குக்கு மேல் வராது. என் காரில் துடைத்து மாட்டிய பிறகு அளந்தபோது 0.06 வந்தது. துடைப்பதற்கு முன் அளந்திருந்தால் பதினொன்றுக்கு மேல் வந்திருக்கும். பன்னிரண்டைக் காட்டி எங்களை ஏமாற்றிய அதே மீட்டரே, வேறு இடத்தில் வைத்திருந்தால், உண்மையைச் சொல்லியிருக்கும்.

இந்த ஆண்டு மின்னோட்டவியல் தொடங்கிய நாளில் அந்தப் பல்பைப் போன்ற ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, தொடரில் ஒரு 20 ஓம் மின்தடை, அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தேன். மீட்டரை வைத்துப் படிக்கச் சொன்னேன், பன்னிரண்டு என்றார்கள். பல்பு எரியுமா என்று கேட்டேன். எல்லாரும் எரியும் என்றார்கள். மாட்டிய பிறகு வகுப்பில் சத்தமே இல்லை. பின் வரிசையில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, “தீப்பெட்டியைத் தொறங்க மிஸ்” என்றாள்.

அதற்கு அடுத்த மாதம், மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் கதவைத் தட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் எடுக்கிறது, பின்னாலிருந்து ஓசை வரவில்லை என்றார். அவர் வண்டியும் அதே வெள்ளத்தில் நின்றதுதான். பல்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்குள் விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. போல்ட் இருக்கும் மூலையைக்கூட மனம் தேடத் தொடங்கிவிட்டது. கப்ளரைக் கழற்றிப் பல்பை மாட்டி, அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். பல்பு வெள்ளையாகப் பளீரென்று எரிந்தது. நம்பாமல் இன்னொரு முறை திருப்பச் சொன்னேன்; அப்படியே எரிந்தது. பல்பு எரியும்போதே கறுப்பு வயரை மீட்டரில் அளந்தேன், 0.04. கப்ளரைப் பம்பில் மாட்டிவிட்டு, டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டியபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். பம்ப் ஒரு முறை முனகியது. அடுத்த முறை தட்டியும் முனகவில்லை. உள்ளே மோட்டாரின் கார்பன் தேய்ந்து, சுழலும் பகுதியை ஓரிடத்தில் தொடாமல் நின்றுவிடும்போது இப்படித்தான் நடக்கும். பம்பை மாற்றிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.